மேப் ஆப்-ல் நீலப் புள்ளி ஏன் தப்பான தெருவில் நிற்கிறது? டெவலப்பர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கல்கள் இவைதான்!

"அண்ணே, லொகேஷன் அனுப்பியிருக்கேன், அதைப் பார்த்து வாங்க."

"தம்பி, நீங்க அனுப்பின லொகேஷன்லதான் நிக்கிறேன். இங்க முட்டுச்சந்து தான் இருக்கு, வீடே இல்லை."

சாப்பாடு ஆர்டர் செய்தவர்கள், ஆட்டோ புக் செய்தவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன உரையாடல் இது. இந்தப் பக்கம் இருப்பவரும் மேப்பைத் திட்டுவார், அந்தப் பக்கம் நிற்பவரும் மேப்பைத் திட்டுவார். ஆனால் அந்த ஆப்பை உருவாக்கிய டெவலப்பரைக் கேட்டால், "எந்த மேப்பைச் சொல்றீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்.

காரணம், திரையில் ஒன்றாகத் தெரியும் மேப் உண்மையில் நான்கு தனித்தனி வேலைகளின் கூட்டு. போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. சாலையும் கட்டடமும் வரையப்பட்ட படத்தைக் காட்டுவது இன்னொன்று. நாம் டைப் செய்யும் முகவரியை எண்களாக மாற்றுவது மூன்றாவது. அங்கே போக வழி சொல்வது நான்காவது. நான்கும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. ஆப் உருவாக்குபவர் அவற்றை ஒரே திரையில் ஒட்டுகிறார்.

சாதாரண ஆப்பில் தவறு நடந்தால் ஆப் அப்படியே மூடிக்கொள்ளும், யாராவது புகார் செய்வார்கள், சரிசெய்துவிடலாம். மேப் ஆப்பின் பெரிய தலைவலியே, அது தவறு செய்யும்போதும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான். தப்பான இடத்தை அவ்வளவு தன்னம்பிக்கையோடு காட்டும்.

திரை முழுக்க சாம்பல் நிறம், ஓரத்தில் லோகோ மட்டும்... ஏன்?

புதிதாக மேப் ஆப் செய்யும் கல்லூரி மாணவர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான். ஆப் திறக்கிறது, நீலப் புள்ளிகூடத் தெரிகிறது. ஆனால் பின்னால் சாலையும் இல்லை, ஊரும் இல்லை. கீழ் மூலையில் கூகுள் லோகோ மட்டும் சமத்தாக உட்கார்ந்திருக்கிறது.

புள்ளி தெரிகிறது என்றால் ஜிபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். லோகோ தெரிகிறது என்றால் மேப்பை வரையும் மென்பொருளும் உயிரோடுதான் இருக்கிறது. படம் மட்டும் வரவில்லை. இணையம் சரியாக இருந்தும் இப்படி ஆனால், பெரும்பாலும் காரணம் ஏபிஐ கீ. மேப் படத்தைக் கேட்கும் ஆப் யாருடையது என்று காட்டும் அடையாளச் சீட்டு இது. ஆண்ட்ராய்டில் இந்தச் சீட்டை ஆப்பின் பெயரோடும், அதன் டிஜிட்டல் கையெழுத்தின் ரேகையோடும் இணைத்துப் பதிவு செய்வார்கள்.

இதில்தான் ஒரு வேடிக்கை. டெவலப்பர் தன் லேப்டாப்பில் சோதித்துப் பார்க்கும்போது ஆப்புக்கு ஒரு கையெழுத்து. பிளே ஸ்டோருக்கு அனுப்பும்போது வேறு கையெழுத்து. பிளே ஸ்டோரின் சைனிங் வசதியைப் பயன்படுத்தினால், மக்கள் கைக்குப் போகும் ஆப்பில் கூகுள் தரப்பில் வைத்திருக்கும் மூன்றாவது கையெழுத்து இருக்கும். முதல் ரேகையை மட்டும் பதிவு செய்திருந்தால், "என் போன்ல ஓடுதே!" என்று டெவலப்பர் சொல்வார், ஊருக்கே சாம்பல் திரை தெரியும். பிளே கன்சோலில் இருக்கும் ரேகையை எடுத்துப் பதிவு செய்தால் வேலை முடிந்தது.

பணமும் ஒரு காரணம். 2018-ல் கூகுள் தன் மேப் சேவையின் கட்டண முறையை மாற்றியபோது, பில்லிங் கணக்கு கட்டாயமானது. கார்டு காலாவதியானாலும் மேப் காணாமல் போகும். அதே நேரம் எந்தக் கட்டுப்பாடும் போடாமல் சாவியை இணையத்தில் போட்டுவிட்டால், யாரோ பயன்படுத்த நமக்கு பில் வரும். இந்தச் செலவு சின்ன விஷயம் இல்லை. 2024-ல் ஓலா நிறுவனம் கூகுள் மேப்பை விட்டுவிட்டு சொந்த மேப்புக்கு மாறியபோது, ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் மிச்சம் என்று அதன் தலைவர் பவிஷ் அகர்வால் சொன்னார்.

சென்னையைத் தேடினால் வட துருவம்!

சென்னையின் அட்சரேகை சுமார் 13.08 வடக்கு, தீர்க்கரேகை சுமார் 80.27 கிழக்கு. இந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளையும் தாண்டி, ஆர்க்டிக் கடலில் போய் விழுவீர்கள்.

கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. கூகுள் மேப்ஸ் மென்பொருளில் அட்சரேகை முதலில் வரும். இடத் தகவல்களைப் பரிமாறப் பயன்படும் ஜியோஜேசான் வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வரும். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும்போது மாற்ற மறந்தால் அவ்வளவுதான்.

நம் நாட்டு டெவலப்பர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. அட்சரேகை 90-ஐத் தாண்டவே முடியாது. டோக்கியோவின் தீர்க்கரேகை 139-க்கும் மேல். அதை அட்சரேகையாகக் கொடுத்தால் பல மென்பொருள்கள் உடனே "இது தப்பு" என்று கத்திவிடும். இந்தியாவின் பெரும்பகுதியோ 68-க்கும் 90-க்கும் இடையில் இருக்கிறது. மாற்றிப் போட்டாலும் செல்லுபடியாகும் எண்தான். அதனால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது. குவஹாத்திக்காரருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மதுரைக்காரருக்குக் கிடைக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழைக்கு, புரோகிராமர்கள் வட்டாரத்தில் 'நல் ஐலண்ட்' என்று செல்லப்பெயர். இடம் இன்னும் தெரியாதபோது ஆப் காலியாக விடாமல் 0, 0 என்று போட்டுவிடும். அந்த இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினியா வளைகுடாவில் இருக்கிறது. தீவு எதுவும் கிடையாது, வானிலையை அளக்கும் ஒரு மிதவை இருந்தது. உலகம் முழுக்க எத்தனையோ ஆப்களின் தொலைந்துபோன வாடிக்கையாளர்கள் கணக்குப்படி அங்கேதான் மிதக்கிறார்கள். "தெரியாது" என்பதும் "பூஜ்யம்" என்பதும் வேறு வேறு என்று ஆப்புக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் மருந்து.

ஆப்பை முதன்முதலாக ஓட்டியதும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தெரிகிறதா? பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் ஓடும் மாதிரி ஆண்ட்ராய்டு போனுக்கு, கூகுள் தலைமையகம் இருக்கும் மவுன்டன் வியூதான் இயல்பான இருப்பிடம்.

சரி, அந்த நீலப் புள்ளி ஏன் தாவுகிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால்தான் இடத்தைச் சரியாகப் பிடிக்க முடியும். நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

திறந்தவெளியில் ஒரு ஸ்மார்ட்போன் வழக்கமாக 4.9 மீட்டர் சுற்றளவுக்குள் இடத்தைச் சொல்லிவிடும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் இணையதளம் சொல்கிறது. நம்மூரில் பல சந்துகளின் அகலமே அவ்வளவு இருக்காது! அதுவும் திறந்தவெளியில்தான் இந்தக் கணக்கு. இருபுறமும் உயரமான கட்டடங்கள் இருக்கும் தி.நகர் தெருவில் சிக்னல் நேராக வராது. எதிர்க் கட்டடச் சுவரில் மோதித் திரும்பி வரும். சுற்றி வந்ததால் தாமதம், தாமதத்தால் தூரக் கணக்கு தப்பு, புள்ளி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

மேம்பாலத்தில் இன்னும் மோசம். ஜிபிஎஸ் உயரத்தைச் சொல்வதில் பக்கவாட்டைவிட பலவீனமானது. கார் கத்திப்பாராவில் பாலத்தின் மேல் போகிறதா, கீழ்ச் சாலையில் போகிறதா என்று போனால் சட்டென்று சொல்ல முடியாது. கூகுள் மேப்ஸ் 2024-ல்தான் இந்தியாவில் "மேம்பாலத்தில் ஏறுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது.

வீட்டுக்குள் போனால் கதையே வேறு. அங்கே போன் பெரும்பாலும் அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகளையும் செல்போன் டவர்களையும் வைத்துத்தான் இடத்தை ஊகிக்கிறது. எந்த வைஃபை எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீங்கள் வீடு மாறி, பழைய வைஃபை பெட்டியைக் கையோடு எடுத்துப் போனால், பட்டியல் திருத்தப்படும் வரை போன் உங்களைப் பழைய வீட்டிலேயே காட்டக்கூடும். பேய் எதுவும் இல்லை!

இவை எல்லாம் இயற்பியல், டெவலப்பர் ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு முறை இடத்தைச் சொல்லும்போதும் போன் கூடவே இன்னொரு எண்ணையும் தருகிறது: "இதில் இத்தனை மீட்டர் தவறு இருக்கலாம்." மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றித் தெரியும் வெளிர்நீல வட்டம் அதுதான். ஆண்ட்ராய்டு விதிப்படி, நீங்கள் உண்மையில் அந்த வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு 68 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு முறை வட்டத்துக்கு வெளியேகூட இருக்கலாம்.

பல ஆப்கள் இந்த எண்ணைப் படிப்பதே இல்லை. வட்டத்தைத் தூக்கிவிட்டு, கூர்மையான ஒரு பின்னைக் குத்தி வைக்கின்றன. பார்க்க அழகு, சொல்வது அரைப்பொய். முட்டுச்சந்தில் நின்ற அந்த அண்ணனுக்கு "சுமார் 80 மீட்டருக்குள் எங்கேயோ" என்று ஆப் சொல்லியிருந்தால், அவர் அந்த நிமிடமே போன் செய்து வழி கேட்டிருப்பார்.

எண்ணோடு நேரத்தையும் பார்க்க வேண்டும். வேகமாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, போன் கடைசியாக நினைவில் வைத்திருக்கும் இடத்தை ஆப் எடுத்துக்கொள்ளும். அது எப்போதோ எடுத்ததாக இருக்கலாம். நீங்கள் மதுரையில் ரயிலைவிட்டு இறங்கியிருப்பீர்கள், ஆப் திண்டுக்கல்லில் ஆட்டோ தேடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் சோதிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய அனுமதி ஒன்றும் உண்டு. 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லும், 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-லும், "துல்லியமான இடம்", "தோராயமான இடம்" என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். தோராயம் என்று தொட்டுவிட்டால் ஆண்ட்ராய்டு சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்குத்தான் சொல்லும். டெவலப்பர் ஜிபிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டே இருப்பார். உங்கள் போனில் ஒரு ஆப் மட்டும் எப்போதும் தப்பான இடம் காட்டினால், செட்டிங்ஸில் அந்த ஆப்பின் லொகேஷன் அனுமதியைத் திறந்து இதைப் பாருங்கள்.

திரையை அணைத்தால் பயணமும் நிற்கிறதே?

இங்கே விஷயம் காசு சம்பந்தப்பட்டது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் டெலிவரி ஊழியருக்கோ, டாக்ஸி ஓட்டுநருக்கோ, மேப்பில் விழும் ஒவ்வொரு மீட்டரும் வருமானம்.

பேட்டரியைக் காப்பாற்ற, ஆண்ட்ராய்டு 8 முதல் பின்னணியில் ஓடும் ஆப்களுக்கு ஒரு மணி நேரத்தில் சில தடவை மட்டுமே இடம் சொல்லப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் பின்னணி அனுமதியைத் தனியாகக் கேட்க வேண்டும். இது போதாதென்று சில போன்களில் நிறுவனமே வைத்திருக்கும் பேட்டரி சேவர், பின்னணியில் இருக்கும் ஆப்பையே முடித்துவிடும். ஓட்டுநர் போனைப் பையில் போட்டதும் பாதை அறுந்துபோகும். ஆப் அடுத்து விழித்ததும் இரண்டு புள்ளிகளுக்கும் நேர்கோடு போடும். வளைந்து வளைந்து போன தூரம் எல்லாம் அந்தக் கோட்டில் காணாமல் போய்விடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிக்னலில் நிற்கும் வண்டியின் புள்ளி சும்மா நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 3 மீட்டர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 நிமிடத்தில் 360 மீட்டர் "ஓடியிருக்கும்". இந்த முறை நஷ்டம் வாடிக்கையாளருக்கு.

முதல் பிரச்னைக்கு, மேலே நிரந்தரமாக ஒரு நோட்டிஃபிகேஷனைக் காட்டியபடி ஓடும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் உதவும். ஓட்டுநர்களின் போனில் எப்போதும் "பயணம் நடக்கிறது" என்று தெரிவது இதனால்தான், அதை மூடிவிடாதீர்கள். இரண்டாவதற்கு, தவறு எல்லையைவிடச் சிறிய அசைவுகளை ஆப் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும்.

'பிள்ளையார் கோயில் எதிரில்' என்பது மேப்புக்குப் புரியுமா?

முகவரியை எண்ணாக மாற்றும் வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. காந்தி நகர் இல்லாத ஊரே இல்லை. இதைக் கொடுத்தால் மென்பொருள் "தெரியவில்லை" என்று சொல்வது அபூர்வம். தன்னால் முடிந்த ஊகத்தைச் சொல்லும். கூடவே, இது கட்டடமா, தெருவா, வெறும் ஏரியாவின் மையமா என்ற குறிப்பும் வரும். அந்தக் குறிப்பைப் பார்க்காமல் முதல் விடையை எடுத்துக்கொள்ளும் ஆப்தான், உங்கள் பார்சலைத் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

பின்னை விரலால் இழுத்து வாசலில் வைக்கவிட்டு, அதைச் சேமித்துக்கொள்வதுதான் இப்போதைக்கு நல்ல வழி. 2025 மே மாதம் அஞ்சல்துறை அறிமுகம் செய்த டிஜிபின், நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு தருகிறது. ஆப்கள் இதை எடுத்துக்கொண்டால் பிள்ளையாருக்கு வேலை குறையும்.

ஆயிரக்கணக்கான கடைகளைக் காட்டும்போது மேப் திணறுகிறதா? அருகருகே உள்ள பின்களை ஒரே வட்டமாகச் சேர்த்து, உள்ளே எண்ணிக்கையைக் காட்டினால் சரியாகிவிடும். இது எளிதானது, விட்டுவிடலாம்.

இல்லாத பாலத்துக்கு வழி காட்டினால்?

2024 நவம்பர். உத்தரப் பிரதேச மாநிலம் பரேலி மாவட்டத்தில் ராம்கங்கா ஆற்றின் மீதிருந்த, முழுமையாக இல்லாத பாலத்திலிருந்து கார் விழுந்து 3 பேர் உயிரிழந்தனர். பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. காரில் இருந்தவர்கள் மேப் காட்டிய வழியில் வந்ததாகச் சொல்லப்பட்டது. பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் மீதும், கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவர் மீதும் போலீசார் வழக்குப் பதிவு செய்தனர்.

அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. வட கரோலினா மாநிலம் ஹிக்கரியில் 2013-ல் இடிந்த பாலத்தில், 2022-ல் ஒருவர் இரவில் காரோடு விழுந்து இறந்தார். அவர் குடும்பம் அடுத்த ஆண்டு கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தது.

இந்த இரண்டு இடங்களிலும் சாலையில் ஒழுங்கான தடுப்பு இருந்ததா என்ற கேள்வி மேப்புக்கு வெளியே உள்ளது, அதைக் கேட்டே ஆக வேண்டும். மேப் பக்கம் பார்த்தால், இது நான்காவது வேலையில் வரும் பிழை. ஜிபிஎஸ் சரி, படம் சரி, முகவரி சரி. வழி சொல்லும் மென்பொருளுக்குச் சாலை என்பது இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு. "மூடப்பட்டது" என்று அந்தக் கோட்டின் மேல் யாராவது எழுதும் வரை, அதன் கணக்கில் பாலம் இருக்கிறது. இதை எந்த டெவலப்பரும் தன் மேசையில் உட்கார்ந்து சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது.

சின்ன ஆப் செய்பவர்களால் முடிந்தது ஒன்று உண்டு. ஓட்டுநர் "இங்கே வழி இல்லை" என்று ஒரே தொடுதலில் சொல்ல ஒரு பட்டன். அந்தப் புகார் வந்ததும் அந்தச் சாலையைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, அடுத்து வருபவரை எச்சரிப்பது. பயன்படுத்துபவர்களும் செய்யலாம். கூகுள் மேப்ஸில் மூடப்பட்ட சாலையைப் புகார் செய்யும் வசதி இருக்கிறது. 2004-ல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், கணக்கு வைத்திருக்கும் யாரும் நேரடியாகவே திருத்தலாம்; பல ஆப்கள் அந்த மேப்பைத்தான் எடுத்துப் பயன்படுத்துகின்றன.

அங்கே செய்த திருத்தம் அதன் இணையதளத்தில் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆனால் மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்திருக்கும் போனில், அடுத்த அப்டேட் போடும் வரை அந்தப் பாலம் அப்படியே நிற்கும். சிக்னல் இல்லாத மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் ஆஃப்லைன் மேப்பை எந்தத் தேதியில் டவுன்லோடு செய்தோம் என்று கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.